பனிக்குள் ஒரு வெந்நீரூற்று: கன்னியாவில் குளித்தவனின் பார்வையில் லொய்க்கர்பாட்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனைச் சுடுநீர் ஊற்றைக் காட்டி வியக்கவைப்பது கடினம். கன்னியாவின் ஏழு கிணறுகளும் நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில்தான் இருக்கின்றன. சிறுவயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து அங்கே போயிருக்கிறேன். பின்னர் ஆசிரியனாகப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகளையும் அங்கேதான் செய்தோம். ஆகவே, நெடுங்காலமாகப் பேர்ன் நகரில் வாழும் தங்கை, "இந்தமுறை குளிர்காலத்தில வாங்கோ அண்ணா, பனிக்குள்ள இருந்து சுடுதண்ணியில குளிக்கலாம்" என்று அழைத்தபோது, வாளி ஒன்று கொண்டுவரவா என்று கேட்டேன். கேட்டது பகிடிக்குத்தான் என்றாலும், குளிப்பு என்றால் அள்ளி ஊற்றுவது என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது.

தங்கை சொன்ன அந்தச் சுடுதண்ணி ஊரான, சுவிஸ் மலைகளுக்குள் இருக்கும் லொய்க்கர்பாட்டில் மூன்று இரவுகள் தங்கித் திரும்பிய பின் எழுதும் இந்தக் குறிப்பு, சுவிஸில் பிள்ளைகளோ சகோதரங்களோ இருந்து, கோடையில் போவதா குளிர்காலத்தில் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊரவர்களுக்கானது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஊருக்குத் தண்ணீருக்காகப் போகலாம், மலைக்காட்சிக்காகவும் போகலாம்; பனிச்சறுக்குப் பழகுவதற்காக, அதுவும் ஐம்பதைக் கடந்த வயதில் முதன்முறையாக, போகவேண்டியதில்லை.

போகும் வழி எளிது. பேர்னிலிருந்து புறப்படும் புகையிரதம், 2007இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 34.6 கிலோமீற்றர் நீளமான லோட்ஷ்பேர்க் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வலே மாநிலத்தில் வெளிவருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் விஸ்ப் என்ற நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கே வண்டி மாறி லொய்க் நிலையத்தில் இறங்கினால், பஸ் ஆயத்தமாக நிற்கும். புகையிரதம் வருவதையும் பஸ் புறப்படுவதையும் ஒரே மனிதர் மணி பார்த்து நடத்துவதுபோல் இருக்கிறது. கொழும்பு இரவுப் புகையிரதத்துக்காகத் திருகோணமலை நிலையத்தில் காத்திருந்து பழகியவர்களுக்கு இதுவே ஒரு சுற்றுலாக் காட்சிதான். பஸ் அரை மணி நேரத்தில் சுமார் 800 மீற்றர் உயரம் வளைந்து வளைந்து ஏறுகிறது. வயிற்றைப் பிரட்டும் இயல்புள்ளவர்கள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. என் மனைவி தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே வந்தார்.

ஊர் 1,411 மீற்றர் உயரத்தில், மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. பாறை உயர்ந்திருப்பதால் ஜனவரியில் வெயில் ஊருக்குள் வரப் பிந்துகிறது, மறைய முந்துகிறது. நிரந்தரமாக வசிப்போர் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் விடுதிகளையும் வாடகை வீடுகளையும் எண்ணினால் ஒரு சிறு பட்டினம்போல் தோன்றும். அந்தப் பொருத்தமின்மைக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. கட்டியதும் விரித்ததும் அளவுக்கு மீறிப்போய், 1990களின் இறுதியில் அந்தச் சிறிய ஊராட்சி முந்நூறு மில்லியன் பிராங்குக்கு மேற்பட்ட கடனில் மூழ்கியது. மாநில அரசு தலையிட்டு நிர்வாகத்தைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. சுவிஸ்காரருக்குக் கணக்குப் பிழைக்காது என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, என் மச்சான் பஸ்ஸில் வைத்து இதைச் சொன்னபோது ஏனோ ஊரின்மேல் ஒரு நெருக்கம் ஏற்பட்டது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். ஊரிலுள்ள ஊற்றுகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 39 இலட்சம் லீற்றர் சுடுநீர் வெளிவருகிறது. புனித லோரன்ஸின் பெயர் கொண்ட முதன்மை ஊற்றில் அது 51 பாகை செல்சியஸாக இருக்கிறது. கன்னியாவில் நாம் அறிந்த சூடு ஏறத்தாழ நாற்பது பாகையை ஒட்டியது, கிணற்றுக்குக் கிணறு சற்றே மாறுவது. இதுவோ நேரடியாக உடம்பில் பட்டால் பொசுக்கிவிடும் என்பதால், ஆறவைத்து வெவ்வேறு தடாகங்களுக்கு வெவ்வேறு அளவில் விடுகிறார்கள். இரண்டு இடத்திலும் எரிமலை கிடையாது. மழையும் உருகிய பனியும் மலைக்குள் ஆழமாக இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, பாறை வெடிப்புகளின் வழியாகத் திரும்பி மேலே வருகின்றன. அங்கே அதற்குப் புவியியல் விளக்கம் எழுதிய பலகை வைத்திருக்கிறார்கள். நமக்கு இராவணன் தன் தாயின் கிரியைக்காக நிலத்தில் குத்திய கதை இருக்கிறது. மருமகனுக்கு இரண்டையும் சொன்னேன். அவனுக்கு இராவணனே பிடித்திருந்தான்.

சுண்ணமும் கந்தகச் சேர்மமும் கரைந்த நீர் என்பதால் அழுகிய முட்டை நாற்றத்தை எதிர்பார்த்துப் போனோம். அப்படி எதுவும் இல்லை. தோலில் ஒருவித வழவழப்பு மட்டும் நின்றது. குளித்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளாவிட்டால் மலைக்காற்றில் தோல் வெடிக்கும். இதற்காகவே ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய்ப் போத்தல் முதல் நாளே கல்லாக உறைந்துவிட்டதால், ஒவ்வொரு காலையும் அதை வெந்நீர்க் குழாயின்கீழ் பிடித்து உருக்க வேண்டியிருந்தது.

இந்த நீரில் குளிக்க மக்கள் வரத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தேயுஸ் ஷீனர் என்ற கர்தினால் இந்த இடத்தைக் குளிப்பிடமாக வளர்த்தெடுத்தார், 1718 ஜனவரியில் பனிச்சரிவு வந்து ஊரையே அழித்தது, மீண்டும் கட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 19ஆம் நூற்றாண்டுக் குளிப்பு முறைதான். அந்நாளில் ஆண்களும் பெண்களும் கழுத்திலிருந்து கால்வரை நீண்ட அங்கி அணிந்துகொண்டு, ஒரே தொட்டிக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களாம். மிதக்கும் தட்டுகளில் கோப்பியும் சிற்றுண்டியும் வரும், சதுரங்கமும் நடக்கும். பழைய ஓவியங்களில் அந்த அங்கிகளைப் பார்த்த என் மனைவி, குறுக்குக்கட்டோடு கன்னியாவில் நின்ற தன் பாட்டிக்கு இந்த ஊர் ஒத்துப்போயிருக்கும் என்றார்.

இன்று அங்கிக்கு இடமில்லை. நீச்சலுடை கட்டாயம், பருத்தி உடையோடு இறங்க விடமாட்டார்கள். முழங்கால்வரை நீண்ட, கையும் மூடிய நீச்சலுடையைத் தங்கை முன்கூட்டியே பேர்னில் வாங்கி வைத்திருந்ததால் மனைவிக்குச் சங்கடம் ஏற்படவில்லை. நுழைவாயிலில் மூன்று மணி நேரச் சீட்டு, முழு நாள் சீட்டு என்று விற்கிறார்கள். கையில் ஒரு பட்டி கட்டிவிடுகிறார்கள். அலுமாரியைத் திறப்பதும் அதுதான், நேரத்தைக் கணக்கெடுப்பதும் அதுதான், நேரம் கடந்தால் வெளியேறும்போது மேலதிகக் காசைக் கேட்பதும் அதுதான். ஒரு பிராங் நம் பணத்தில் முந்நூறு ரூபாவுக்கும் மேல் என்ற கணக்கை மனத்தில் ஓடவிட்டால் அந்தத் தண்ணீரில் நிம்மதியாக இருக்க முடியாது. கணக்கை அலுமாரிக்குள் உடுப்போடு பூட்டிவிட்டுப் போங்கள் என்பதே என் ஆலோசனை. மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும். நாற்பது பாகையைத் தாண்டிய சிறு தடாகங்களில் கால் மணிக்கு மேல் இருக்கக் கூடாது. அழுத்த மாத்திரை எடுப்பவரான நான் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிட்டேன்.

உள்ளே இருக்கும் தடாகங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமானவை, சத்தமானவை, பிள்ளைகள் நிறைந்தவை. வெளித்தடாகம்தான் விடயம். உள்ளிருந்தே நீருக்குள் நடந்து, ஒரு நெகிழித் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போகிறோம். கழுத்துவரை உடம்பின் சூட்டுக்கு ஒத்த நீர். கழுத்துக்கு மேலே, அன்று மாலை, பூச்சியத்துக்குக் கீழ் எட்டுப் பாகைக் காற்று. ஆவி அடர்ந்து எழுவதால் பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை, குரல் மட்டும் கேட்கிறது. சற்று நேரத்தில் நனைந்த மயிர் விறைத்து, தொட்டால் நொறுங்கும் வைக்கோல்போல் ஆகிவிடுகிறது. என் மீசையில் வெள்ளை படிந்ததைக் கண்டு மருமகன், "மாமா, திடீரெண்டு தாத்தா ஆகிட்டீங்கள்" என்றான். ஆவி காற்றில் விலகும்போது மட்டும், இருட்டத் தொடங்கிய வானத்தை மறைத்துக்கொண்டு பாறைச் சுவர் தலைக்கு மேலே எழுந்து நிற்பது தெரியும். பனி பெய்யத் தொடங்கியது. நீரில் விழும் துகள் விழுந்த கணமே இல்லாமல்போக, தலையில் விழுவது அப்படியே தங்கியது. கன்னியாவில் சுடுநீர் என்பது சூடான ஊரில் இன்னுமொரு சூடு. இங்கே அதைச் சுற்றிக் குளிர் இருப்பதால், ஒவ்வொரு முறை தோளை வெளியே நீட்டி உள்ளே இழுக்கும்போதும் தண்ணீர் புதிதாகச் சுடுகிறது. அந்த முக்கால் மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

குளியலகத்தின் ஒரு பகுதியில் நீராவி அறைகளும் சூட்டறைகளும் இருக்கின்றன. அங்கே எங்களைப் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று: ஜெர்மன் மொழி பேசும் சுவிஸில் இந்த அறைகளுக்குள் நீச்சலுடை அணிவது சுத்தக்குறைவாகக் கருதப்படுகிறது, ஆணும் பெண்ணும் ஒரே அறையில், ஒரு துவாயை விரித்து அதன்மேல் பிறந்த கோலத்தில் அமர்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று மச்சான் உறுதி சொன்னார். மச்சானோடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு ஒரே மேசையில் சோறு சாப்பிடுவது? அந்தப் பகுதிக்கு வேறு சீட்டு என்பதால், காசு மிச்சம் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பனிச்சறுக்கு. டொரென்ட் எனப்படும் சறுக்குமலைக்கு ஊரிலிருந்தே கம்பிவட ஊர்தி போகிறது. மேலே 2,350 மீற்றரளவில் இறங்கி, அங்கிருந்து இன்னும் ஏறி, நன்றாகத் தெரிந்தவர்கள் சறுக்கி வருவதைப் பார்ப்பது நிலாவெளியில் அலைமேல் ஓடும் படகைப் பார்ப்பதைப் போன்ற மகிழ்ச்சி. நாங்கள் போனது அங்கே அல்ல; நான்கு வயதுப் பிள்ளைகள் பழகும் தாழ்வான சரிவுக்கு. வாடகைக்குத் தந்த சப்பாத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அது சப்பாத்து என்ற பெயரில் வரும் ஒரு சிமெந்துக் குழாய். கணுக்கால் மடியாது, முழங்கால் மட்டும் மடியும். அதை மாட்டிக்கொண்டு படி இறங்குவதே ஒரு வித்தை. சறுக்குப்பலகை இரண்டின் முனைகளையும் உள்நோக்கிச் சேர்த்து ஆப்புப்போல் பிடித்தால் வேகம் குறையும் என்பதுதான் முதற்பாடம். பயிற்றுநர் பிள்ளைகளுக்கு அதைப் 'பீட்சாத் துண்டு' என்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பீட்சா வந்தது. எனக்கு வரவில்லை. நகரும் பட்டியில் ஏறி மேலே போவதும், பத்து மீற்றர் சறுக்குவதும், விழுவதும், விழுந்த இடத்தில் இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருக்க எழும்ப முடியாமல் வானத்தைப் பார்ப்பதுமாக இரண்டு மணி நேரம் கழிந்தது. பயிற்றுநரின் பொறுமையில் குறையில்லை. உபகரண வாடகை, பயிற்சிக் கட்டணம், ஏறும் சீட்டு மூன்றையும் கூட்டினால் குளியலின் பல மடங்கு. அடுத்த நாள் முழங்கால் கேட்ட கூலி வேறு. இளையவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வாழ்நாளில் மறவாத விளையாட்டாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பழகினால்தான் சரிவை ரசிக்கும் நிலை வரும் என்பதால், ஒருநாள் ஆசைக்கு இது கட்டுபடியாகாது.

மாறாக, மூன்றாம் நாள் போன கெம்மி எனக்கு முழு மதிப்பெண். ஊரின் மேற்புறம் பாறைச் சுவரோடு ஒட்டினாற்போல் ஏறும் கம்பிவட ஊர்தி, சில நிமிடங்களில் 2,350 மீற்றர் உயரக் கணவாயில் கொண்டுபோய் விடுகிறது. பாறையைக் குடைந்து 18ஆம் நூற்றாண்டில் வெட்டிய நடைபாதை ஒன்று கீழே நூல்போல் தெரியும். குளிர்காலத்தில் அதில் நடப்பதற்கில்லை. மேலே இறங்கியதும் முதலில் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது. தெற்கே வைஸ்ஹோர்ன், மாட்டர்ஹோர்ன் முதலிய நாலாயிரம் மீற்றர் சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. வடக்கே டௌபன்ஸே என்ற ஏரி உறைந்து, ஏரி என்று சொன்னால்தான் ஏரி என்று நம்பவேண்டிய வெண்தரையாகக் கிடந்தது. பனியை அழுத்திச் சமப்படுத்திய நடைபாதையில், ஊன்றுகோல் வாடகைக்கு எடுத்து, ஒரு மணி நேரம் நடந்தோம். சறுக்கத் தேவையில்லை, விழத் தேவையில்லை, யாருடைய பொறுமையையும் சோதிக்கத் தேவையில்லை. கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதே அகலம் வெள்ளையாகவும் ஓசையில்லாமலும் இருந்தது. காற்று எழுந்தால் ஊர்தியை நிறுத்திவிடுவார்கள் என்பதால், காலையில் ஊர்தி நிலையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

தங்கிய வீட்டைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இணையத்தில் கண்ட வாடகைக்கு மேல் இறுதித் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்புக் கட்டணம், ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி ஆகியன சேர்ந்தன. வரி நியாயமானது, அதற்கு ஈடாகத் தரும் விருந்தினர் அட்டைக்குச் சில இடங்களில் கழிவும் கிடைக்கிறது. துப்புரவுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, குப்பையை நாங்களே வகைபிரித்துக் கொண்டுபோய்ப் போடவேண்டும், அடுப்பை மினுக்கி வைக்கவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்ததுதான் விளங்கவில்லை. தங்கை எல்லாவற்றையும் மினுக்கிவிட்டே வந்தாள். பால்கனியில் காயப்போட்ட என் சாரம் ஒரே இரவில் பலகையாக விறைத்து நின்றதற்கு மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பல்ல.

ஆனாலும் விடுதியைவிட வாடகை வீடே நமக்குப் பொருந்தும், காரணம் சமையல். உணவகங்களில் நான்கு பேர் இரண்டு வேளை சாப்பிட்டால் திரும்பும் பயணச்சீட்டு விற்க வேண்டிவரும். அரிசி, மிளகாய்த்தூள், பருப்பு, கருவாடு எல்லாம் தங்கை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கருவாடு பொரிப்பதை நானே தடுத்தேன், மரச்சுவருக்கு அப்பால் மனிதர் இருந்தார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது. முதல் இரவு அரை வேக்காட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். தேநீரும் ஊரின் சாயம் பிடிக்காது. வெளியே சாப்பிட்டது ஒரே ஒருமுறை, அந்த மாநிலத்தின் ராக்லெட். பெரிய பாலாடைக்கட்டியின் வெட்டுமுகத்தைச் சூட்டில் காட்டி, உருகியதை வழித்து, அவித்த உருளைக்கிழங்கின்மேல் போட்டுத் தருகிறார்கள். பக்கத்தில் வினாகிரியில் ஊறிய சிறு வெள்ளரியும் வெங்காயமும். குளிரில் நடந்து வந்த பசிக்கு முதல் தட்டு அமிர்தம், இரண்டாவது தட்டு சரி, மூன்றாவது தட்டு வயிற்றில் கல். மனைவி கைப்பையிலிருந்து வெங்காயச் சம்பல் போத்தலை எடுத்ததைப் பரிமாறியவர் பார்த்தார். முகம் சுளிக்காமல், தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தண்ணீரும் குடித்தார்.

ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கன்னியாவிலும் நாம் சீட்டு வாங்கித்தான் உள்ளே போகிறோம். நீரின் தரத்தில் நமக்குக் குறைவு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆறவைக்கவே தேவையில்லாமல், பூமியே அளவு பார்த்து அனுப்பும் சூடு அது. லொய்க்கர்பாட்டில் காசு எங்கே தெரிகிறது என்றால், வழுக்காத தரையில், பெண்கள் கூச்சமின்றி உடை மாற்றும் அறையில், ஈரத்தலையை உலர்த்தும் கருவியில், சக்கர நாற்காலியோடு வந்த முதியவரை நீருக்குள் இறக்கும் வசதியில். கிரியை முடித்த ஈர வேட்டியோடு மரத்தின் மறைவைத் தேடிய ஞாபகம் எனக்கு இருக்கிறது. கன்னியாவைத் தடாகமாக மாற்றிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது வேறு இடம், வேறு தேவை. நல்லதோர் உடைமாற்றும் அறை கேட்கிறேன்.

போக எண்ணுபவர்களுக்குச் சில விடயங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் செங்கன் விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பெப்ரவரியில் சுவிஸ் பாடசாலைகளுக்குக் குளிர்கால விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறி மாறி வருவதால், அந்த மாதம் முழுவதும் நெரிசலும் விலையும் கூடும். நாங்கள் ஜனவரியின் பிற்பகுதியில், வார நாட்களில் போனதால் வெளித்தடாகத்தில் கையைக் காலை நீட்ட இடம் இருந்தது. மிகவும் தடித்த ஒரே மேலாடையைவிட, மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. அடிப்பிடிப்புள்ள சப்பாத்து இல்லாமல் ஊருக்குள் நடக்கவே கூடாது, தெருவின் பனியைவிட அதன் கீழிருக்கும் கண்ணாடிபோன்ற உறைநீரே ஆளை விழுத்துகிறது.

வயதான அம்மா அப்பாவை அழைத்துப்போகலாமா என்று ஊரில் இரண்டு பேர் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள். இருதய வருத்தம் இல்லாவிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தாராளமாக அழைத்துப் போங்கள். இரவு தங்கவும் தேவையில்லை. பேர்னிலிருந்து ஒரு பக்கம் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான் என்பதால், காலையில் கெம்மி, மத்தியானம் கட்டிக்கொண்டுபோன சோறு, மூன்று மணிக்குக் குளியலகம் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சத்தில் நீருக்குள் இறங்கி இருட்டில் வெளியேறலாம். தலையை நன்றாக உலர்த்தி, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்ட பிறகுதான் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிவர வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கிய உடனேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.